கல்லூரிக்கு மடக்குக்கத்தி எடுத்துப்போகலாமா?

ஜூன் 18, மாலை (கேள்வி)

அடுத்த மாதம் கல்லூரியில் சேர்கிறேன், விடுதி வாசம். அப்பா தன்னுடைய பழைய மடக்குக்கத்தியைக் கையில் கொடுத்து "வச்சுக்கோ, உதவும்" என்கிறார். அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டம் இல்லை. அலகு ஏழு சென்டிமீட்டர் இருக்கும். திறந்தால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். எடுத்துப்போகலாமா? இங்கே யாராவது படிக்கும்போது கத்தி வைத்திருந்தீர்களா?

ஜூன் 18, இரவு

எடுத்துப்போங்கள். நான் கட்டடக்கலை படிக்கிறேன், ஐந்தாம் ஆண்டு. முதல் வருடத்திலிருந்தே என் பையில் ஒரு சின்ன மடக்குக்கத்தி இருக்கிறது. அது இல்லாமல் கிளம்பிய நாளில் ஏதோ விட்டுவிட்டு வந்தாற்போல் இருக்கும். பார்சல் பிரிக்க, பிளாஸ்டிக் கட்டு அறுக்க, சட்டையில் தொங்கும் நூலை வெட்ட, மேசை விளக்கின் திருகாணியை இறுக்க என்று வாரத்தில் நாலைந்து முறையாவது வெளியே வரும். எங்கள் தளத்தில் எதுவும் கழன்றால் என் அறைக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள்.

எனக்குப் பிடித்த வேலை பென்சில் சீவுவது. திருகிச் சீவும் ஷார்ப்னர் எல்லாப் பென்சிலுக்கும் ஒரே குட்டைக் கூம்பைத்தான் தரும். கத்தியால் சீவினால் மரத்தை நீளமாகச் சரித்து, உள்ளே இருக்கும் கரித்தண்டை ஒரு சென்டிமீட்டர் வரை வெளியே விடலாம். பென்சிலைப் படுக்கவைத்து நிழல் போட அது வேண்டும். சீவும்போது கத்தி பிடித்த கை அசையக் கூடாது. பென்சில் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல்தான் அலகின் முதுகை மெல்லத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் மரம் சுருள் சுருளாக, கிழியாமல் வரும். பேனாக்கத்தி என்ற பெயரே இறகுப் பேனாவின் முனையைச் சீவிய கத்திக்கு வந்த பெயர்தானே. எழுதுகிறவர் பக்கத்தில் பல நூற்றாண்டுகளாக இருந்த பொருள் அது, பயப்பட ஒன்றுமில்லை.

ஜூன் 19, காலை

நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். இப்போதுதான் நிதானமாகப் படிக்கிறேன், பூட்டிக்கொள்ளும் வகை என்று சொல்லியிருக்கிறீர்கள். என் கத்தி அந்த வகை இல்லை. இரண்டும் வேறு.

என்னுடையதில் பூட்டே கிடையாது. பிடியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை வில்போல அழுத்திக்கொண்டிருக்கும். திறந்த அலகை நிறுத்தி வைப்பது அந்த அழுத்தம் மட்டும்தான். கொஞ்சம் பலமாகத் தள்ளினால் மடங்கிவிடும். உங்கள் அப்பாவுடையதில் அலகு திறந்ததும் ஏதோ ஒரு கொக்கியோ தகடோ விழுந்து பிடித்துக்கொள்கிறது, அதை விடுவித்தால்தான் மடங்கும். கையில் வைத்து வேலை செய்கிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் பல இடங்களில் சட்டம் இந்த இரண்டையும் ஒரே கத்தியாகப் பார்ப்பதில்லை. இரவு விரிவாக எழுதுகிறேன், வகுப்பு இருக்கிறது.

ஜூன் 19, இரவு

பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மடக்குக்கத்தியின் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாவிட்டால் பொது இடத்தில் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. ஆனால் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்தச் சலுகைக்குள் வராது என்று அங்கே நீதிமன்றம் 1990களிலேயே சொல்லிவிட்டது. உங்கள் அப்பாவின் கத்தியை வைத்துப் பாருங்கள். ஏழு சென்டிமீட்டர் என்பது 3 அங்குலத்துக்குள் அடங்கும், அளவில் தேறிவிடும், பூட்டில் மாட்டிக்கொள்ளும். ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமில்லாமல் வெளியே எடுத்துப்போக முடியாது.

கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழக வளாகத்துக்கென்றே தனி விதி உண்டு. மடங்காத, நிலையான அலகு கொண்ட கத்தி இரண்டரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் உள்ளே கொண்டுவரக் கூடாது. டெக்சாஸில் 2017லிருந்து அந்த எல்லை ஐந்தரை அங்குலம். ஒரே நாடு, இரண்டு மாநிலம், இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்! அதனால் "என் மாமா வைத்திருக்கிறாரே", "இணையத்தில் சரி என்றார்களே" என்பதெல்லாம் உங்கள் ஊருக்குச் செல்லாது.

அதற்கும் மேலே கல்லூரியின் சொந்த விதி. சட்டம் விட்டாலும் கல்லூரி விடாமல் இருக்கலாம், விடுதி அதைவிடக் கறாராக இருக்கலாம். சேரும்போது கையெழுத்து வாங்கும் விதிப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. நான் மூன்றாம் வருடம் வரை படிக்கவில்லை. முதல் நாளே கண்ணை மூடிக்கொண்டு "எடுத்துப்போங்கள்" என்று நான் சொன்னது தவறு. முதலில் அந்தப் புத்தகத்தைப் படியுங்கள், ஆயுதம் என்ற தலைப்பில்தான் கத்தி வரும். புரியாவிட்டால் விடுதிக் காப்பாளரிடம் நேராகக் கேளுங்கள், இப்படி ஒரு கத்தி, இந்த நீளம், இந்த வேலைக்கு என்று. அவர் சொல்கிற பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

ஜூன் 21

இரவில் தனியாக நடக்கும்போது ஒரு தைரியத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

என்னுடையதைப் போன்ற கத்தியைத் திறக்க இரண்டு கை வேண்டும், நகத்தைப் பள்ளத்தில் வைத்து இழுக்க வேண்டும். பயத்தில் கை நடுங்கும்போது அது நடக்காது. நடந்தாலும், கத்தி வெளியே வந்த நிமிடத்தில் ஒரு தள்ளுமுள்ளு கொலைக்களமாகிவிடும். பூட்டில்லாத அலகு எதிலாவது இடித்தால் உங்கள் விரல்மேல்தான் மடங்கும். யாராவது பிடுங்கினால் அவர் கையில் கத்தி, உங்கள் கையில் ஒன்றுமில்லை. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பிரிட்டனில் அதே 3 அங்குலக் கத்தியைப் பிறரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் அது ஆயுதம், சலுகை போய்விடும். தைரியத்துக்கு என்று நீங்கள் வாயால் சொல்லும் காரணமே உங்களுக்கு எதிராக நிற்கும்.

இரவில் பயமாக இருந்தால் துணையோடு போங்கள், விளக்கு உள்ள வழியில் போங்கள், ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டே போங்கள். அப்படிக் கேட்டவர் பெண் என்று நினைக்கிறேன். உங்கள் பயம் உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பயத்துக்குக் கத்தி மருந்தாகாது என்றுதான் சொல்கிறேன்.

ஜூன் 22, பின்னிரவு

நேற்று அதை எழுதியதிலிருந்து ஒன்று மனதைக் குடைகிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாம் வருடம். அறையில் நாங்கள் மூன்று பேர். மறுநாள் காலை அட்டையில் செய்த கட்டட மாதிரியை ஒப்படைக்க வேண்டும், இரவு ஒரு மணி. நான் தரையில் உட்கார்ந்து ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அறைத்தோழன் பின்னாலிருந்து, என் பொருட்கள் அவன் கட்டில் பக்கம் கிடப்பதாகச் சத்தம் போட்டான். ஏற்கெனவே ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சு சரியில்லை. நான் எழுந்து, திரும்பி, பதிலுக்குச் சத்தம் போட்டேன். இரண்டு வாக்கியம்தான் இருக்கும். அவன் பேச்சை நிறுத்திவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் அடி பின்னால் போனான், கட்டில் கால் தடுத்து உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் நானும் குனிந்து பார்த்தேன். கத்தி திறந்தபடியே கையில் இருக்கிறது, அலகில் பெட்டியின் டேப் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது.

என் மனதில் அப்படி ஓர் எண்ணம் கடுகளவும் கிடையாது. அவனுக்கு அது எப்படித் தெரியும்? உடனே மடக்கிப் பையில் போட்டேன், மன்னிப்புக் கேட்டேன். அவனும் பரவாயில்லை என்றான். ஆனால் அந்தப் பார்வை இரண்டு மாதமாவது எங்கள் நடுவே இருந்தது. நான் கத்தியை எடுத்தால் அவன் அறையை விட்டு வெளியே போவான். தற்செயல்போலத்தான் போவான், எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். வேலை பாதியில் நின்றாலும், யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், முதலில் மடக்குவேன், அப்புறம்தான் திரும்புவேன். கையில் கத்தியோடு யாரிடமும் பேசுவதில்லை, நல்ல பேச்சானாலும். யாராவது கேட்டால் மடக்கித்தான் கொடுப்பேன், அவர்களே திறந்துகொள்ளட்டும்.

உங்கள் அம்மா ஏன் வேண்டாம் என்கிறார் என்று இதற்கு முன் நான் யோசிக்கவே இல்லை. அவர் இதைத்தான் நினைத்திருப்பாரோ என்னவோ.

ஜூன் 25

பூட்டு உள்ளதுதான் பாதுகாப்பு, நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். விரலைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. என் வலது ஆள்காட்டி விரலில் அதற்குச் சாட்சி இருக்கிறது. தடித்த பிளாஸ்டிக் மூடி ஒன்றில் துளை போடலாம் என்று கத்தி முனையைக் குத்தித் திருகினேன். முனை சிக்கியது, அலகு மடங்கியது, விரல் நடுவில். எலும்புவரை போகவில்லை, ஆனால் ஆழம். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தேன். நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது, பார்த்தால் உறைவது கலைந்துவிடும். அப்புறம் மருத்துவரிடம் போய் இரண்டு தையல், ஒரு டெட்டனஸ் ஊசி.

ஆகவே பூட்டில்லாத கத்தியால் குத்தாதீர்கள், நெம்பாதீர்கள், திருகாதீர்கள். இழுத்து வெட்டும் வேலை மட்டும். அலகின் விளிம்பு பொருளை அழுத்தும்போது கத்தி இன்னும் திறக்கத்தான் பார்க்கும், மடங்காது. முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தால்தான் மடங்கும். இது புரிந்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும்.

பூட்டில் எனக்குப் பிடித்தது பிரான்சின் ஓப்பினெல். 1890லிருந்து வருகிற மரப்பிடிக் கத்தி. 1955இல் அதன் கழுத்தில் ஒரு சுழலும் வளையத்தைச் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது, எதிர்ப்பக்கம் திருப்பினால் மடங்கும். ஒரே ஒரு வளையம்! வடிவமைப்புப் படிக்கிற யாரும் அதைக் கையில் வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் மரம் உப்பி அலகு இறுகிக்கொள்ளும், அது ஒன்றுதான் குறை.

ஜூன் 26

கட்டடக்கலை மாணவர்கள் எல்லாருமே கத்திதானே வைத்திருக்கிறார்கள், அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. எங்கள் கூடத்தில் ஒரே நேரத்தில் அறுபது கட்டர் திறந்திருக்கும். என் மடக்குக்கத்தியைவிட அவை எத்தனையோ மடங்கு கூர்மை. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மேசைமேல், வெட்டும் பாயின்மேல், அட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது, எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே கட்டரை உணவுக்கூடத்தில் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பாருங்கள், பக்கத்து மேசை அமைதியாகிவிடும்.

மழுங்க மழுங்க முனையை ஒடித்துப்போடும் அந்த அலகு 1956இல் ஜப்பானில் பிறந்தது, ஒசாகாவில், ஓல்ஃபா நிறுவனத்தை உண்டாக்கியவரின் யோசனை. உடைந்த கண்ணாடியின் விளிம்பும், கோடு பார்த்து ஒடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியும் சேர்ந்துதான் அந்த எண்ணத்தைத் தந்தன என்பார்கள். 'ஓல்ஃபா' என்பதே ஜப்பானிய மொழியில் ஒடிக்கும் அலகு என்ற சொற்களிலிருந்து வந்தது. அட்டையும் காகிதமும் மட்டும்தான் உங்கள் வேலை என்றால், 9 மில்லிமீட்டர் அகலக் கட்டர் ஒன்று எழுதுபொருள் பெட்டியில் இருந்தால் போதும். மடக்குக்கத்தியே வேண்டாம். ஒடித்த துண்டுகளை ஒரு மூடியுள்ள டப்பியில் போட்டு வையுங்கள், அப்படியே குப்பையில் போட்டால் அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும்.

ஜூன் 30

"அப்படியானால் எதைத்தான் வாங்குவது?" என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

என் பதில், 58 மில்லிமீட்டர் ஸ்விஸ் கத்தி. சாவிக்கொத்தில் தொங்கும் அந்தக் குட்டி. அதில் அலகைவிடக் கத்தரிக்கோல்தான் அதிகம் உழைக்கும். ஐந்து வருடக் கணக்கை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நூல், டேப், பிளாஸ்டிக் உறை, நகம், காயக்கட்டு என்று பத்தில் ஆறு முறை நான் எடுத்தது கத்தரிக்கோலைத்தான். கத்தரிக்கோலைப் பார்த்து யாரும் பின்வாங்குவதில்லை.

ஸ்விஸ் கத்தியின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கார்ல் எல்ஸனர் என்பவர் 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை வைத்தார், 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். சிப்பாய் கையில் கொடுத்ததில் அலகு, துளைக்கும் ஊசி, டப்பா திறப்பான், திருப்புளி, அவ்வளவுதான். திருப்புளி எதற்கென்றால், அப்போதைய துப்பாக்கியைக் கழற்றி மாட்ட. நாம் எல்லாரும் அறிந்த வடிவம் 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தி. 1909இல் அம்மா இறந்ததும் அவர் பெயரான விக்டோரியாவை நிறுவனத்துக்கு வைத்தார். 1921இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று. ஒரு ராணுவத்துக்காகச் செய்த பொருளில் இன்றைக்கு உலகம் முழுக்க நகம் வெட்டிக்கொண்டிருக்கிறோம்!

ஜூலை 1

ஒரு திருத்தம். 58 மில்லிமீட்டர் என்பது மடக்கிய நீளம். அலகு அதைவிடச் சின்னது. விதிப் புத்தகத்தில் எழுதியிருப்பது அலகின் நீளமாக இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். காப்பாளரிடம் சொல்லும்போது அலகை அளந்து சொல்லுங்கள்.

ஜூலை 4

கூர் போய்விட்டது, சாணை பிடிக்கத் தெரியாது, தூக்கிப்போடவா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தூக்கிப்போடாதீர்கள். மழுங்கிய கத்திதான் கையைக் கிழிக்கும். வெட்டாத கத்தியை நாம் பலம் கொண்டு அழுத்துவோம், அது வழுக்கும், மற்றக் கை அங்கேதான் இருக்கும்.

ஸ்விஸ் கத்தியின் அலகு, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56, நடுத்தரக் கடினம். சாதாரணக் கல்லிலேயே பத்து நிமிடத்தில் கூர் ஏறிவிடும். கல்லை நனைத்துக்கொள்ளுங்கள். அலகைக் கல்லோடு படுக்கவைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள், 15இலிருந்து 20 டிகிரி. செங்குத்தில் பாதி 45, அதில் பாதி இருபத்துச் சொச்சம், அதற்கும் சற்றுக் குறைவு என்று கண்ணாலேயே பிடிக்கலாம். அந்தச் சாய்வைக் கடைசிவரை மாற்றாமல், கல்லின் மேல்தோலைச் சீவி எடுப்பதுபோல இழுங்கள். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து. விளிம்பின் எதிர்ப்பக்கத்தில் விரலைக் குறுக்காக மெல்லத் தடவினால் மயிரிழைபோல ஒரு பிசிறு தட்டுப்படும். அது தட்டுப்பட்டால் கல் விளிம்புவரை எட்டிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மிக லேசாக மாற்றி மாற்றி இழுத்து அந்தப் பிசிறை எடுத்துவிடுங்கள். ஒரு தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். சத்தமில்லாமல் இறங்கினால் சரி. கரகரவென்றால் இன்னும் பிசிறு இருக்கிறது.

முதல்முறை எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்தத் தாள் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்த நிமிடம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஜூலை 9

விடுமுறைக்கு விமானத்தில் போகிறவர்கள் கிளம்பும் முன் சாவிக்கொத்தைப் பாருங்கள். கைப்பையில் கத்தி போகாது, சரக்கில் போடும் பெட்டியில் வைக்க வேண்டும். 2013இல் அமெரிக்காவில் 6 சென்டிமீட்டருக்குக் குறைந்த சின்னக் கத்திகளை விமானத்துக்குள் விடுகிறோம் என்று அறிவித்தார்கள். விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்க்கவே மூன்றே மாதத்தில் கைவிட்டார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். என்னுடைய முதல் கத்தி அப்படித்தான் ஒரு சோதனை வாயிலில் தொட்டியில் விழுந்தது. மாமா கொடுத்தது.

தேர்வு நாளும் அப்படியே. அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஆய்வகம், மைதானம், நீதிமன்றம், அரசு அலுவலகம் எதற்குப் போனாலும் ஒரு நிமிடம் பையைத் தடவிப் பாருங்கள்.

ஜூலை 20

கேட்டவரே திரும்பி வந்து எழுதியிருக்கிறார், மிகவும் சந்தோஷம். பூட்டும் கத்தி கூடவே கூடாது, சாவிக்கொத்தில் மாட்டும் சின்னது என்றால் சரி என்று காப்பாளர் சொல்லிவிட்டாராம். அப்பாவின் கத்தியை வீட்டிலேயே விட்டுப்போகிறாராம். அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள், அவருக்கு அது புரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து நாலைந்து முறை திறந்து மூடுங்கள், உள்ளே இருக்கும் அழுக்கு கரைந்து வெளியே வரும். நன்றாகத் துடைத்து, திறந்தபடியே ஒருநாள் காயவிடுங்கள். அலகு சுழலும் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய், அலகின் மேலும் லேசாக ஒரு பூச்சு. தோல் உறை இருந்தால் அதற்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஆறு மாதம் கழித்து எடுத்தால் துரு ஏறியிருக்கும். உறையைத் தனியாக வையுங்கள், கத்தியைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். இதை அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள்.